காயம்பட்டவளுக்கா தண்டனை?

2024 டிசம்பர் மாதக் கடைசி வாரம். ஒரு மில் தொழிலாளி நமது சங்க ஆபீஸுக்கு வந்தார். இருபது வருஷமாக ஸ்பின்னிங்கில் நிற்பவர். அவருடைய மகள் சென்னையில் என்ஜினீயரிங் படிக்கிறாள். அந்தக் குடும்பத்திலிருந்து காலேஜ் படியேறிய முதல் பிள்ளை அவள்தான்.

“தோழர், படித்தது போதும். நாளைக்கே போய் அழைத்து வந்துவிடப் போகிறேன். சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், முடித்துவிடலாம்” என்றார். அவர் கையில் அன்றைய பத்திரிகை இருந்தது.

அந்தப் பத்திரிகையில் இருந்த செய்தியை நாடே அறியும். டிசம்பர் 23ந் தேதி இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்குள்ளேயே ஒரு மாணவி பலாத்காரத்திற்கு ஆளானாள். வெளியிலிருந்து வந்த ஒருவன் அவளை மிரட்டி இந்த அக்கிரமத்தைச் செய்தான். அந்தப் பெண் மறுநாளே துணிந்து புகார் கொடுத்தாள். புகாரை வாங்கிய போலீஸ் இலாகா என்ன செய்தது? முதல் தகவல் அறிக்கை கம்ப்யூட்டர் வழியாக வெளியே போயிற்று. அவளுடைய பெயரும் விலாசமும் ஊர் முழுவதும் பரவின. ஒரு முறை காயம்பட்டவளுக்கு இரண்டாவது காயம்!

இதைப் படித்த எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியும். பெண்ணைக் கூட்டி வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நான் அந்தத் தோழரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

“உங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு தொழிலாளியின் கை மிஷினில் சிக்கி நசுங்குகிறது. மானேஜ்மெண்ட் முதலில் என்ன சொல்லும்?”

“அவனுடைய கவனக்குறைவு என்று சொல்லும்.”

“நாம் என்ன சொல்வோம்?”

“மிஷினுக்கு மூடி போடாதது யார் என்று கேட்போம். வைத்தியம் செய், சம்பளத்தோடு லீவு கொடு, நஷ்ட ஈடு கொடு, குணமானதும் வேலை கொடு என்போம்.”

“கை போனவனை வீட்டுக்கு அனுப்பு என்று நாம் என்றைக்காவது சொன்னதுண்டா?”

தோழர் பேசவில்லை.

மிஷினுக்குப் புத்தி இல்லை. பெண்ணைத் தொட்டவனுக்கு உண்டு. அதனால் அவன் குற்றவாளி; தண்டனை அவனுக்கு. ஆனால் காயம்பட்டவரை எப்படி நடத்துவது என்பதில் நியாயம் ஒன்றுதான். “இருட்டில் அங்கே ஏன் போனாய்? கூட இருந்தவன் யார்?” என்று பெண்ணைக் கேட்பவர்களுக்கும், “கையை ஏன் உள்ளே விட்டாய்?” என்று கேட்கும் மானேஜருக்கும் என்ன வித்தியாசம்?

அந்த மாணவியின் விஷயத்தில் சென்னை ஹைக்கோர்ட் டிசம்பர் 28ந் தேதி உத்தரவு போட்டது. புலன் விசாரணையை மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அறிக்கை வெளியானதற்காக சர்க்கார் அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றது. பல்கலைக்கழகம் அவளிடம் படிப்புக் கட்டணமோ ஹாஸ்டல் கட்டணமோ வாங்கக் கூடாது, மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அவள் படிப்பை முடிக்க வழி செய்ய வேண்டும் என்றது. 2025 ஜூன் 2ந் தேதி சென்னை மகளிர் கோர்ட் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 வருஷத்திற்குக் குறையாமல் அவன் சிறையில் கிடக்க வேண்டும்.

குற்றவாளிக்குத் தண்டனை மட்டும் போதும் என்று அந்த உத்தரவு நினைக்கவில்லை. அவள் தேற வேண்டும், தன் இடத்திலேயே இருந்து படிக்க வேண்டும் என்றது. ஆனால் பேப்பரில் பெயர் வந்த ஒரு வழக்குக்கு மட்டும்தானா இந்த நியாயம்?

இல்லை. சட்டம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தச் சட்டம் யாரால் வந்தது தெரியுமா? ராஜஸ்தானத்தில் பதேரி என்ற கிராமத்தில், குயவர் குலத்தில் பிறந்த பன்வாரி தேவி என்ற ஏழைப் பெண்ணால் வந்தது. சர்க்காரின் கிராம ஊழியரான அவர் ஒரு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்க, 1992ல் மேல்சாதிக்காரர்கள் அவரைப் பலாத்காரம் செய்தார்கள். 1995ல் கீழ்க்கோர்ட் அவர்களைப் பலாத்காரக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தது. மாதர் அமைப்புகள் விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போய், 1997ல் விசாகா தீர்ப்பைப் பெற்றார்கள். அதிலிருந்து 2013ம் வருஷச் சட்டம் பிறந்தது. காலேஜ்களுக்கென்று 2015ம் வருஷ யு.ஜி.சி. விதிகளும் வந்தன. வயலில் கூலிக்குப் போகும் நமது சகோதரிகள் புகார் கொடுக்க ஜில்லா தோறும் உள்ளூர்க் கமிட்டி வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கிராமத்து ஏழைப் பெண் பட்ட அடியில்தான் காலேஜ் மாணவியின் உரிமை முளைத்தது!

விதிகள் என்ன சொல்கின்றன? ஒவ்வொரு காலேஜிலும் விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண். மெம்பர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மூன்று பிரதிநிதிகள் உட்கார வேண்டும். மெம்பர்களைப் பற்றிய விவரம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவளுக்கு மூன்று மாதம் வரை லீவு கொடுக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவன் வாத்தியாரானால் அவள் பேப்பரை அவன் திருத்தக் கூடாது. எந்த ஆஸ்பத்திரியும், தனியார் ஆஸ்பத்திரியானாலும், பலாத்காரத்திற்கு ஆளானவருக்கு உடனே இலவச சிகிச்சை தர வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம்.

ஆனால் காகிதத்தில் இருக்கும் உரிமை தானாக நடந்து வராது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் நாம் கற்ற பாடம் இது. “காலேஜ் பெயர் கெட்டுவிடும், சமாதானமாகப் போ” என்று நிர்வாகம் சொல்லும். கேட்க ஆளில்லாவிட்டால் கமிட்டி காகிதத்திலேயே தூங்கும்.

வீட்டிலும் நமக்கு வேலை உண்டு. இப்படி அடிபட்ட பிள்ளைக்குத் தூக்கம் வராது. பாடம் மண்டையில் ஏறாது. காலடிச் சத்தம் கேட்டாலும் நடுங்குவாள். இது சில நாளில் போகலாம், பல மாதமும் ஆகலாம். அவள் சொல்வதை முதலில் நம்புங்கள். வந்தவர் போனவரிடமெல்லாம் கதை சொல்ல வைக்காதீர்கள். மனநல டாக்டரிடம் போவது பைத்தியத்திற்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். உடைந்த எலும்புக்குக் கட்டுப் போடுவது போலத்தான் அதுவும். அடுத்து என்ன செய்வது என்பதை அவளைக் கேட்டுச் செய்யுங்கள். அவளுடைய இஷ்டத்தை ஒருவன் மிதித்தான், நாமும் மிதிக்கலாமா? “மானம் போயிற்று” என்று சொல்லி அவசரக் கல்யாணம் செய்வது வைத்தியமல்ல. அது அவளுக்கு விதிக்கும் தண்டனை.

நமது தோழர் சென்னைக்குப் போனார். மகளோடு இரண்டு நாள் இருந்தார். கமிட்டி மெம்பர்களின் பெயர் எழுதிய போர்டு எங்கே என்று கேட்டாராம். “நாங்களும் அதைத்தான் கேட்டுக் கொண்டிருக்கிறோம், அப்பா. கையெழுத்து வாங்கிக் கொண்டிருக்கிறோம்” என்றாளாம் மகள். அவர் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

தொழிலாளித் தோழர்களே! விவசாயக் கூலிச் சகோதர சகோதரிகளே! உங்கள் மகள் படிக்கும் காலேஜில் அந்தப் போர்டு இருக்கிறதா? அடுத்த முறை போகும்போது கேளுங்கள். இல்லையென்றால் நான்கு பெற்றோர் சேர்ந்து போய்க் கேளுங்கள். சங்கத்தைக் கூப்பிடுங்கள், மாதர் சங்கத்தைக் கூப்பிடுங்கள்.

காலேஜிலிருந்து வெளியேற வேண்டியவன் குற்றவாளி. நம் பெண் அங்கேயே இருந்து படிக்கட்டும்!