நிறுத்தும் காவலன்

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் வலுவிழந்திருந்தது. அஃதறியாது சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். பாதை செவ்வையாயிருக்கிறதென்று நம்பி ஓடியதே அக்கேட்டிற்கு மூலம்.

கணினி நிரலும் இத்தகையதே. இருப்புத்தொகை ஒருபோதும் சுழிக்குக் கீழே போகாது என்று எழுதுவோன் நம்புகிறான். அந்நம்பிக்கை பொய்த்தபின்னும் நிரல் ஓடுமாயின், பிழையான கணக்கே ஏட்டில் ஏறும். இதனைத் தடுக்கச் ‘சி’ மொழியில் ‘அசெர்ட்’ என்னும் காவலன் உண்டு. நிபந்தனை பொய்யாயின், கோப்பின் பெயரையும் வரியின் எண்ணையும் அறிவித்து, நிரலை அக்கணமே நிறுத்திவிடுவான்.

நிரல் விரைந்து ஓடும்பொருட்டு, மக்கள் கைக்குச் செல்லுங்கால் இக்காவலை நீக்கிவிடுவோர் உளர். அது தகாதென்பது எம் கருத்து. கோடையிற் பாலத்தைக் காத்துவிட்டு, மழைக்காலத்திற் காவலரை வீட்டுக்கு அனுப்புவாருண்டோ?

நிறுத்துதல் எங்கும் நன்றோ எனின், அன்று. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-இல் ஏரியான் 5 ஏவூர்தியில், எண்மாற்றப் பிழையால் திசையறி கணினிகள் இரண்டும் நின்றுபோயின. ஏறத்தாழ 40 நொடியில் ஏவூர்தி அழிந்தது. நின்ற வண்டி பிழைக்கும். பறக்குங்கால் நின்ற கணினி வீழ்த்தும். ஆகவே, எங்கு நிற்பது, நின்றபின் யாது செய்வது என்பவற்றை ஒரே துணைச்செயற்கூற்றில் முன்னரே வகுத்துவைத்து, வேண்டுமிடந்தோறும் அதனையே அழைத்தல் வேண்டும். நிரல் எழுதப் பயிலும் நம் மாணவர் இதனை முதற்பாடமாகக் கொள்வாராக.