மக்காச்சோள விதை யார் கையில்?

தாம்பரத்தில் மாலை நேரம். ரயிலை விட்டு இறங்கி வீடு திரும்புகிறவர்களைச் சுட்ட மக்காச்சோளத்தின் வாசனை இழுக்கிறது. உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சஞ்சாறும் தடவிய கதிரைக் குழந்தைகள் ஆசையோடு தின்கிறார்கள்.

அந்தக் கதிர் விளைந்த வயலிலேயே மணியை முற்ற விட்டு, அடுத்த ஆண்டு விதைத்தால் அதே மாதிரிக் கதிர் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. காரணம், இன்று பயிராவதில் பெரும் பகுதி வீரிய ஒட்டு ரகம். முதல் ஆண்டு அது நன்றாக விளையும். அதன் மணியை மீண்டும் விதைத்தால் செடிகள் ஒன்றுபோல் இரா, விளைச்சலும் குறையும். ஆகவே, ஆண்டுதோறும் கடையில் விதை வாங்க வேண்டும்.

நாட்டு ரகம் அப்படியல்ல. விளைந்ததிலிருந்தே விதை எடுக்கலாம். ஆனால் மகசூல் குறைவு.

தேவை பெருகுகிறது

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் தீவனம். இப்போது இன்னொரு தேவையும் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தைத் தேடி வந்தன. அதிக மகசூல் தரும் ரகத்தை விவசாயி நாடுவதில் தவறு இல்லை.

ஆபத்து எங்கே?

எல்லா வயலிலும் ஒரே மாதிரி விதை இருப்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் 1970-ம் ஆண்டு ஓர் இலைக்கருகல் நோய் பரவியது. அங்கே பயிரான பெரும்பாலான விதைகள் ஒரே தாய்வழியில் வந்தவை. அதனால் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கு விளைச்சல் பாழாயிற்று. நோய் தாங்கும் குணத்தைப் பல ரகங்களில்தான் தேட முடியும். நாட்டு ரகங்கள் அழிந்தால் எங்கே தேடுவது?

நாட்டு ரகம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு எந்த மக்காச்சோளத்தையும் தின்னும்.

அண்டை வயலும் வேண்டும்

இன்னொரு சிக்கலும் உண்டு. மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் பறக்கும். பக்கத்து வயலில் ஒட்டு ரகம் பூத்தால், நாட்டு ரகம் கலந்துவிடும். இடைவெளி விட வேண்டும். அல்லது மூன்று நான்கு வாரம் முன்பின்னாக விதைக்க வேண்டும். விதைக்கு ஒரு கதிரை மட்டும் எடுக்காமல், பல செடிகளிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் தனியாக இதைச் செய்ய முடியாது. அண்டை அயலார் கூடிப் பேசினால் முடியும்.

சட்டம் தடையாக இல்லை. விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும் 2001-ம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு உரிமை தருகிறது.

செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளைச் சுற்றி ஒரு காலத்தில் வயல்கள் இருந்தன. இன்று வீடுகள். போன நிலம் திரும்பாது. மீதி நிலத்தில் ஒரு மூலையாவது நாட்டு விதைக்கு இருக்கட்டும். பட்டினி கிடந்தாலும் விதை நெல்லைத் தின்னாத உழவர் பரம்பரைக்கு இது புதிய பாடம் அல்ல.