நெஞ்சு வெடிக்கும்போது

தாங்க முடியாத துக்கம் வந்தால் 'நெஞ்சே வெடித்துவிடும் போலிருக்கிறது' என்பார்கள். அது பேச்சுக்குச் சொல்வது. ஆனால் இதயச் சுவர் நிஜமாகவே கிழிவதும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் துக்கமல்ல, தாமதம்.

தில்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கினால் வயதைக் காரணம் சொல்வது வழக்கம். நெஞ்சை அழுத்தினால் 'வாயு' என்று ஒரு சோடா, அல்லது கொஞ்சம் ஓமத் தண்ணீர். இரண்டு சமாதானங்களும் ஆபத்தானவை. முதலாவது பழுதடைந்த வால்வாக இருக்கலாம். இரண்டாவது மாரடைப்பாக இருக்கலாம்.

மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டு, இதயத் தசையின் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் சாகிறது. செத்த தசை முதல் சில நாட்களில் மென்மையாகிவிடும். வடு உருவாகி அது உறுதிப்படச் சில வாரங்கள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் இதயமோ ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. நலிந்த இடம் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கிழியலாம். முதல் 24 மணி நேரத்திலோ, முதல் வாரத்துக்குள்ளோதான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. வலி நின்று, நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதியடையும் நேரம் அது.

முதியவர்கள், பெண்கள், முதல் முறையாக மாரடைப்பு வந்தவர்கள், தாமதமாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். மாரடைப்புக்குப் பிறகு ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளைத் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று கிழிசல்கள்

கிழிசல் மூன்று இடங்களில் ஏற்படலாம். முதலாவது வெளிச்சுவர். ரத்தம் வெளியேறி, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் தேங்குகிறது. திடீரென்று 150 மில்லி தேங்கினாலே போதும், இதயம் விரிய இடமில்லாமல் நசுங்கிவிடும். ரத்த அழுத்தம் சரிந்து நினைவு தப்பும். சில நிமிடங்களில் மரணம் நேரலாம். கசிவு மெதுவாக இருந்தால் மட்டுமே அறுவை சிகிச்சைக்கு அவகாசம் கிடைக்கும்.

இரண்டாவது, இடது வலது அறைகளைப் பிரிக்கும் நடுச்சுவர். ஓட்டை விழுந்ததும் ரத்தம் இடமிருந்து வலமாகப் பாய்ந்து நுரையீரலில் குவிகிறது. மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், முந்தின நாள் இல்லாத ஒரு முணுமுணுப்பு உரக்கக் கேட்கும்.

மூன்றாவது, மைட்ரல் வால்வைத் தாங்கும் தசைத்தூண். பாய்மரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதைப் போல, மெல்லிய நாண்கள் வால்வின் இதழ்களை இந்தத் தூண்களோடு கட்டியிருக்கின்றன. தூண்கள் இரண்டு. ஒன்றுக்கு இரு ரத்தக்குழாய்கள் உணவூட்டுகின்றன. மற்றதற்குப் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் சிறிய மாரடைப்பிலும்கூட இரண்டாவது தூண் அறுந்துபோகலாம். வால்வு மூடாமல், ரத்தம் பின்னோக்கிப் பீறிட்டு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நோயாளி படுக்க முடியாமல் மூச்சுக்குத் தவிப்பார்.

மூன்றையும் கண்டுபிடிக்க முதல் கருவி எக்கோ. படுக்கை அருகிலேயே கொண்டுவந்து சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். மருந்தும், ரத்தநாளத்தில் பொருத்தும் பலூன் பம்ப்பும் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தீர்வு பெரும்பாலும் அறுவை சிகிச்சையே: சுவரில் ஒட்டுப்போடுவது, வால்வை மாற்றுவது. கிழிந்த நடுச்சுவரை முதன்முதலில் வெற்றிகரமாகச் சரிசெய்தவர் அமெரிக்க நிபுணர் டென்டன் கூலி. ஆண்டு 1956. இன்றும் இது ஆபத்து மிகுந்த அறுவைதான். ஆனால் செய்யாமல் விட்டால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே.

நல்ல செய்தி, கிழிசலைத் தடுக்க முடியும் என்பது. அடைப்பைக் கரைக்கும் ஊசியும் ஆஞ்சியோபிளாஸ்டியும் வருமுன், மாரடைப்பு வந்த 100 பேரில் ஓரிருவருக்கு நடுச்சுவர் கிழிந்தது. இப்போது 1,000 பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான். சிகிச்சை சீக்கிரம் கிடைத்தால் தசை சாவது குறைகிறது. இந்த நோக்கத்தில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு 2023-இல் தொடங்கியது.

தொண்டை வலியில் தொடங்குவது

வால்வு கெடுவதற்கு மாரடைப்பு மட்டுமே காரணமல்ல. விபத்தில் ஸ்டீயரிங் மார்பில் மோதினால் வால்வு கிழியலாம். ரத்தத்தில் கலந்த கிருமிகள் இதழைத் துளைத்துவிடலாம். குறுகிய வால்வைப் பலூனால் விரிக்கும்போது அபூர்வமாக இதழ் கிழிவதுண்டு. வயதானால் நாண்கள் நைந்து தாமாகவே அறுவதும் உண்டு.

இந்தியாவில் இளம் வயதினரைப் பாதிக்கும் முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் வரும் ஒருவகைத் தொண்டைப் புண், பிறகு மாறி மாறி மூட்டுவலி, கடைசியில் இதயம். வால்வு சுருங்குவது தெரியவர ஆண்டுகள் ஆகும். பல பெண்களுக்கு முதல் பிரசவத்தின்போதுதான் தெரியவருகிறது. ஒருமுறை இந்தக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போட வேண்டும். விலை குறைந்த ஊசி அது. தவறவிட்டால் விலை, வால்வு.

அந்த வால்வையும் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் முதல் மாதிரிகள் தோற்றும் விடாமல் முயன்றார்கள். 1990 டிசம்பரில் அவர்களுடைய வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கும் இந்த வால்வை இதுவரை 1 லட்சத்துக்கும் அதிகமாகப் பொருத்தியிருக்கிறார்கள்.

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையாகத் தின்று மறுவாரம் தொடாமலிருப்பதுதான் தவறு. பல் பிடுங்குமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் அதற்கு முன்பே ஆலோசனை தேவை.

ஆர்.கே.புரத்திலிருந்து எய்ம்ஸும் சஃப்தர்ஜங்கும் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் அரசு ஊழியர் குடும்பங்களில் 'காலையில் டிஸ்பென்சரி திறந்ததும் ரெஃபரல் வாங்கிக்கொண்டு போகலாம்' என்று காத்திருப்போர் உண்டு. அவசர நிலையில் சி.ஜி.எச்.எஸ். பயனாளிகளுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை: இவை 15 நிமிடம் நீடித்தால் தில்லியில் 102, தமிழ்நாட்டில் 108. வாயுவா, மாரடைப்பா என்பதை ஈ.சி.ஜி. சொல்லட்டும்.