மிஞ்சினால்தான் சேமிப்பா?

"வர்றது கைக்கும் வாய்க்குமே சரியாப் போகுது, இதுல எங்க சேமிக்கிறது?" திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலும் சின்னாளபட்டித் தறிகளிலும் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. சேமிப்பு மாதச் சம்பளக்காரர்களின் சமாச்சாரம், அன்றாடங்காய்ச்சிக்கு மிஞ்சினால்தான் உண்டு என்று ஊரே நம்புகிறது. ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் நம்பிக்கை இது. இதை எதிர்த்தே ஆக வேண்டும்.

பூக்கட்டி விற்கும் ஒரு பெண்ணின் காலையைப் பாருங்கள். நிலக்கோட்டை மல்லியை எடுத்து வந்து கூடையை இறக்கிய சிறிது நேரத்தில் தண்டல்காரர் பைக்கில் வந்து நிற்கிறார். சுருக்குப்பையிலிருந்து நூறு ரூபாய் போகிறது. அட்டையில் ஒரு கிறுக்கல். அவ்வளவுதான். மழையானாலும், முகூர்த்தமில்லாத மார்கழியானாலும், பிள்ளைக்குக் காய்ச்சலானாலும் அந்த நூறு தவறுவதில்லை. பத்தாயிரம் கடனென்று எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள். தினம் நூறாக நூறு நாள் கட்டி முடித்ததும் மறுபடியும் அதே கடன்.

இவருக்கா ஒழுங்காகப் பணம் கட்டத் தெரியாது? வங்கி மேலாளரே வியக்கும் ஒழுங்கு இவரிடம் இருக்கிறது. அதன் பலன்தான் அடுத்தவர் பெட்டிக்குப் போகிறது. ஆயிரம்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கும் மேல் வட்டி. கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் சேர்த்துத்தான் 2003இல் தமிழக அரசு அதீத வட்டிக்குத் தடைச் சட்டம் போட்டது. சட்டம் வந்தும் பைக் நிற்கவில்லை.

அதே நூறு ரூபாய், மாதம் மூவாயிரமாக, அஞ்சலகத் தொடர் வைப்பில் விழுந்தால்? 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டில் கட்டியது 1,80,000. கைக்கு வருவது ஏறத்தாழ 2,14,000. தண்டலில் ஐந்தாண்டு சுழன்றவருக்கு மிச்சம் பழைய அட்டைகள்.

"அவசரம்னா என்ன செய்றது?" என்ற கேள்வி நியாயமானது. தொடர் வைப்பில் ஓராண்டு ஒழுங்காகக் கட்டியவருக்கு, இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும். வட்டி, வைப்பு வட்டிக்கு மேல் 2 சதவீதம்தான். மாதம் நூறு ரூபாயிலேயே கணக்குத் தொடங்கலாம். "முதல் போட வேற வழியில்லையே" என்பதும் உண்மை. வங்கி வாசலில் ஏழை தயங்கி நிற்பது ஏழையின் குற்றமல்ல. தெருவோர வியாபாரிகளுக்கென 2020இல் வந்த பிஎம் ஸ்வநிதி, பிணையில்லாமல் முதல் தவணையாகப் பத்தாயிரம் கொடுத்தது. அப்படிப்பட்ட கடனைக் கூடை சுமப்பவர் கைவரை கொண்டு சேர்ப்பது வங்கிகளின் கடமை.

ஏழையால் சேமிக்க முடியாது என்பதை நம் பெண்கள் எப்போதோ உடைத்துவிட்டார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சில்லறைச் சேமிப்பில்தான் வளர்ந்தன. சந்தா முதலில், செலவு பிறகு என்பதுதான் அங்கே விதி. மிஞ்சியதைப் போடுகிறேன் என்றிருந்தால் ஒரு குழுவும் நின்றிருக்காது.

கையிருப்பு நிலைத்த பிறகுதான் முதலீடு. பத்தாண்டுக்குத் தொட வேண்டாத பணத்தை மட்டும் மாதந்தோறும் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். 2008இலும் 2020 மார்ச்சிலும் சந்தை சரிந்ததுபோல இனியும் சரியும். பயந்து விற்பவருக்கே அது முழு நஷ்டம். "ஆறே மாசத்துல டபுள்" என்று எவராவது வந்தால், பெருந்துறை ஈமு கோழி மோசடியை நினைத்து வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

தண்டல் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடப்புக் கடன் முடிகிற அன்று அட்டையைப் புதுப்பிக்காதீர்கள். அடுத்த நூறு நாளும் அதே நூறு ரூபாயை உங்கள் பெயரிலேயே கட்டுங்கள். முழு நூறு முடியாவிட்டால் ஐம்பது கட்டுங்கள். நூறாவது நாள் உங்களிடம் சொந்த முதல் இருக்கும். அதற்கு வட்டி கேட்டு எவரும் வரமாட்டார்.