தலையணை செய்த தவறு

என் மாமியாருக்கு 68 வயது. நிலக்கோட்டைப் பக்கம் சொந்தத் தோட்டத்தில் குத்துக்காலிட்டுக் களை எடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இரண்டு கால்களும் வில்லாக வளைந்துவிட்டன. முட்டியின் உட்பக்கத்துக் குருத்தெலும்பு தேய்ந்தால் கால் இப்படித்தான் வெளிப்பக்கம் வளையுமாம்.

"பிரதமராக இருந்தபோதே வாஜ்பாய் 2000-இல் இடது முட்டியையும், 2001-இல் வலது முட்டியையும் மாற்றிக் கொண்டாரே!" என்று என் கணவர் தைரியம் சொல்ல, போன வருடம் மதுரையில் வலது முட்டிக்கு மாற்று ஆபரேஷன் நடந்தது.

திண்டுக்கல்லுக்கு வந்த பிறகுதான் சங்கடம். "ஏத்தா, காலைக் கோணலா வச்சுத் தச்சுட்டாகளா?" என்று அத்தை ஒரே அழுகை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வலி தாங்காமல் தவித்தவருக்கு முட்டிக்கு அடியில் தலையணை வைத்தேன். சுகமாகத் தூங்கினார்.

பத்தாம் நாள் பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். "கோணல் இல்லை, பாட்டி. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் நேராக வந்திருக்கிறது. வளைந்த காலில் நடந்தே பழகியதால் நேரான கால் கோணலாகத் தெரிகிறது" என்றாள். தலையணையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அக்கா, இதுதான் ஆபத்து. முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு முழுதாக நீட்ட வராது. ஆயுசுக்கும் நொண்டி நடை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசத்தால் கெடுத்துவிட்டேனே! அன்று முதல் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொன்னேன். அத்தை என்னைத் திட்டாத திட்டில்லை. மூன்று வாரத்தில் கால் நன்றாக நீண்டது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால்:

* படுத்திருக்கும்போது பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க உதவும்.

* படி ஏற நல்ல கால் முன்னால். இறங்க ஆபரேஷன் கால் முன்னால்.

* கைத்தடி, ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும்.

* கால் மிதியடி, ஈரத் தரை கூடாது. கழிப்பறையில் உட்காரும் வசதி அவசியம்.

* கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

முழுதாகத் தேற ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். அவசரம் வேண்டாம்.

போன வெள்ளியன்று அத்தை கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி நடந்தார். "இடது காலையும் நேராக்கிப் போடலாம்த்தா. அதுக்கு முன்னாடி அந்தத் தலையணையை ஒளிச்சு வச்சுரு!" என்றார்.