மழைக்குப் பின் மலரும் செடிகள்

பல்லாண்டு வாழ்ந்து, பருவத்தின் கடைக்கூற்றில் மலரும் செடிகளை இங்கிலாந்து தேசத்தார் பெரிதும் போற்றுவர். அங்கே அவை இலையுதிர்காலத்து மலர்கள். நம் மலைநாட்டில் இலையுதிர்காலம் என்று ஒன்றில்லை. மழையும் பனியும் வெயிலுமே இங்குப் பருவத்தை வகுக்கின்றன. ஆகவே நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வீட்டுத் தோட்டம் போடுவோர், கடைக்கூறு என்பதை மழை ஓய்ந்து வானம் தெளியும் மாசி, பங்குனி மாதங்கள் என்று கொள்வதே பொருந்தும்.

இதற்கு ஏற்றவை டேலியாவும் செவ்வந்தியும் என்பது நம் கருத்து. டேலியா மெக்ஸிக்கோ நாட்டு மலைகளிற் பிறந்தது. 1791ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரத்துக் கவனில்லெஸ் என்னும் அறிஞர், ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் டால் நினைவாக இதற்குப் பெயரிட்டார். வெப்ப வலயத்து உயர்மலையே அதன் தாயகமாதலின் நம் மலையும் அதற்கு அந்நியமன்று. இரண்டுக்கும் நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும் ஊர்களில் முற்பகல் வெயிலையே நம்பவேண்டியிருக்கின்றது. எனவே லயத்தின் கிழக்குப் புறத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

மாணவர்கள் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. செவ்வந்தி, பகற்பொழுது குறுகினால் மொட்டு விடும் இனம். பகலின் நீளமே பல செடிகளைப் பூக்கச் செய்கின்றது என்பதைக் கார்னர், அல்லார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1920இல் வெளியிட்டனர். லண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்தையும் கடக்கும். ஆதலால் அங்குச் செவ்வந்தி காத்திருந்து பூக்கின்றது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் உள்ள நமக்கோ, ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேற்றுமை ஒரு மணி நேரங்கூட இல்லை. சாண் உயரத்திலேயே செடி மொட்டு விட்டுவிடும். பூ வியாபாரத்துக்குப் பயிரிடுவோர் இதைத் தடுக்க இரவில் விளக்கெரிப்பர். இல்லத்தரசிகளுக்கு விளக்கு வேண்டுவதில்லை, விரல் போதும். நுனியைக் கிள்ளிவிட்டாற் பக்கக் கிளைகள் விரியும். கொழுந்து பறிக்கும் கைக்கு இதை நாம் கற்பிக்கவும் வேண்டுமோ?

ஆனால் தேயிலையைப் பார்த்து உரமிடுதல் கூடாது. தேயிலை இலைக்காக வளர்க்கப்படுவது. அதற்குத் தழைச்சத்தே பிரதானம். அதே உரத்தைப் பூச்செடிக்கு அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூவைக் காண முடியாது. மேலும் தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. செவ்வந்திக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. தோட்டத்து மலைகளில் டொலமைட் தூவுவதைக் கண்டிருப்பீர்கள். வீட்டுக்கு அடுப்புச் சாம்பலே போதும்; ஒரு சதுர கசத்துக்கு இரண்டு கைப்பிடி தூவி மண்ணோடு கலந்துவிடலாம். அது புளிப்பைத் தணித்துச் சாம்பற்சத்தையும் தரும். பாத்தியை உயர்த்திச் சுற்றிலும் கான் வெட்டுதல் அவசியம்.

ஹட்டன் பக்கத்தார் டேலியாக் கிழங்கைக் கார்த்திகையில் நடலாம். மூன்று மாதத்திற் பூக்கும். நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலையே கருகுவதுண்டு. ஆகையால் அங்குத் தை பிறந்தபின் நட்டு, இளந்தளிருக்கு மாலையிற் சாக்குப் போர்த்துக. நாலு விரற்கடை ஆழம், இரண்டடி இடைவெளி. ஊன்றுகோலை நடும்பொழுதே நட்டுவிடுக. பின்னர் ஊன்றினாற் கிழங்கைக் குத்திவிடும்.

பல்லாண்டுச் செடி வைப்பவனுக்கு முதலில் நிலம் நிலையாயிருத்தல் வேண்டும். பங்களாத் தோட்டங்களிற் பூப்பாத்திகளைப் பேணிய கைகள் பெரும்பாலும் நம்மவர் கைகளே. தம் காம்பராவுக்கு முன்னுள்ள நாலடி மண்ணோ அவர்களுடையதன்று. 1948இற் குடியுரிமை பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இந்நாட்டுக் குடியுரிமை அளிப்பதென்றும் வகுத்தது. இறுதிவரை எஞ்சியிருந்தோர்க்கான சட்டம் 2003இலேதான் வந்தது. இத்தனை காலம் மூட்டை கட்டிய நிலையில் இருந்தோர், அடுத்த ஆண்டு பூக்குஞ் செடியை எந்த நம்பிக்கையில் நடுவர்? அண்மைய ஆண்டுகளில் ஏழு பேர்ச் நிலத்துடன் தனி வீடுகள் சில எழுந்துள்ளன. பலர் இன்னும் லயங்களிலேயே இருக்கின்றனர். நிலம் பெற்றோரும் மரக்கறிப் பாத்தியைக் குறைத்துக்கொண்டு பூ வைக்க வேண்டாம். வேலியோரம் போதும். லயத்தில் உள்ளோர் அடியில் துளையிட்ட பழைய தகரத்தில் செவ்வந்தியை வைக்கலாம். வீடு மாறினால் அதுவும் கூட வரும்.

எந்தச் செடியையும் வேலி தாண்டி விடாதீர்கள். வெள்ளையர் கொணர்ந்த கோர்ஸ் என்னும் மஞ்சட் பூ முட்செடி ஹோட்டன் சமவெளியிற் பரவி, இன்று பிடுங்குவோர்க்குத் தொல்லையாய் நிற்கின்றது. செவ்வந்தியும் டேலியாவும் அவ்வாறு ஓடுபவை அல்ல. 1861இற் சிங்கோனாவுக்கென்று தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தோட்டத்துக்குச் செல்வோர், அங்குள்ள பூப்பாத்திகள் எத்திசை நோக்கி அமைந்துள்ளன என்பதையும் கவனித்து வருக.

வைகாசியில் தென்மேற்கு மழை இறங்குமுன் டேலியாத் தண்டை அரையடி விட்டு வெட்டிக் கிழங்கைத் தோண்டியெடுத்து, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலிற் புதைத்து வைக்கவும். ஈர மண்ணில் விட்டால் அழுகிவிடும். நல்ல தூரொன்றில் நாலைந்து கிழங்கு தேறும். அடுத்த காம்பராவுக்கும் கொடுக்கலாம். கழுத்திற் கண்ணில்லாத கிழங்கு முளையாது, பார்த்துக் கொடுங்கள்.