அலையை அளக்க எந்த முதலாளி காசு தருவான்?

"பசித்தவனுக்குச் சோறு இல்லை, தண்ணீரின் மேல் புரதம் எப்படிப் படர்கிறது என்றும், இருபதாயிரம் வருஷத்துக்கு முன் கடல் எங்கே நின்றது என்றும் ஆராய சர்க்கார் பணமா?" இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஜனங்களின் வரிப் பணம் வீணாகக் கூடாதே என்ற கவலையும் அதில் இருக்கிறது. ஆனால் இதே கவலையைச் சாக்காக வைத்து, ஆராய்ச்சியைத் தனியார் பணத்தின் தயவில் விட்டுவிடும் காரியம் டில்லியில் நடந்து வருகிறது. ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மார்த்தாண்டத்துக்கு வந்தால் போதும். மலையிலிருந்து ரப்பர்த் தோட்டங்களின் நடுவே இறங்கிவரும் குழித்துறைத் தாமிரபரணி, மார்த்தாண்டத்தின் ஓரமாக ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. புரதத்தின் கதை ஆற்றின் மேற்புறத்தில். கடலின் கதை கீழ்ப்புறத்தில்.

விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் தொழிலாளியைக் கேளுங்கள். சிரட்டையில் வடிந்த பாலை அப்படியே விட்டால் தானாகத் திரிந்து ஒட்டுப்பாலாகிவிடும். அமோனியா சேர்த்தால் திரியாமல் நிற்கும். தட்டில் ஊற்றி ஆசிட் விட்டால் உறைந்து ஷீட்டாகும். கை அறிந்த இந்த வித்தைக்குக் காரணம் என்ன? பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர்த் துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. அந்தத் தோலில் உள்ள மின்சக்தி எல்லாத் துகளிலும் ஒரே வகை; ஆகவே அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஒட்டுவதில்லை. ஆசிட் அந்த மின்சக்தியைத் தணித்துவிடுகிறது. உடனே துகள்கள் ஒன்றுகூடி உறைகின்றன. சிரட்டையில் கிடக்கும் பாலிலோ கிருமிகளே புளிப்பை உண்டாக்கி அந்த வேலையைச் செய்து முடிக்கின்றன.

பிரெஞ்சு விஞ்ஞானிகள் சமீப வருஷங்களில் இந்தத் தோலையே பிரித்து ஆராய்ந்தார்கள். அதிலுள்ள இரண்டு முக்கியப் புரதங்களில் ஒன்று கொழுப்புப் படலத்துக்குள்ளேயே புதைந்துகொள்கிறது, மற்றொன்று மேலே படர்ந்து நிற்கிறது என்று கண்டார்கள். இப்படிப்பட்ட சோதனைகளுக்கு உதவும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னோடி, அக்னெஸ் பொக்கல்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி தம் வீட்டு அடுக்களையில் செய்த தகரத் தொட்டி! பெண் என்பதால் பல்கலைக்கழகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 1891-ல் அவர் எழுதிய கடிதம்தான் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்து இந்த விஞ்ஞானத்துக்கு வழி திறந்தது. அன்று எந்தக் கம்பெனி அதற்குக் காசு கொடுத்திருக்கும்?

இதனால் யாருக்கு லாபம் என்பீர்கள். 1980-க்குப் பிறகு எய்ட்ஸ் பயத்தால் ஆஸ்பத்திரிகளில் ரப்பர் கையுறை பெருகிற்று. கூடவே நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் தடிப்பும் மூச்சுத் திணறலும் பெருகின. ரப்பர்ப் பாலின் புரதம் கையுறைக்குள் தடவும் மாவில் ஒட்டிக்கொண்டு காற்றில் பறந்து மூச்சில் ஏறுகிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்காவில் மாவு தடவிய கையுறைக்குத் தடை வந்தது. புரதம் குறைந்த பாலும், நன்றாகக் கழுவிய மாவில்லாக் கையுறையும் வந்தன. இந்த அறிவு இல்லாவிட்டால் செயற்கை ரப்பர்க்காரன் மார்க்கெட்டை முழுதும் விழுங்கியிருப்பான். பால் வெட்டுபவரின் கூலிதான் முதலில் போயிருக்கும்.

இனி ஆற்றின் முகத்துக்கு வருவோம். சுமார் இருபதாயிரம் வருஷங்களுக்கு முன், பூமியின் தண்ணீரில் பெரும் பங்கு பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது, கடல் இன்றைக்கு விடச் சுமார் 120 மீட்டர் கீழே நின்றது. இலங்கைக்குத் தரை வழியாகவே நடந்து போகலாம். குமரிக் கண்டம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். கரையோரத்தில் அகன்ற நிலப்பட்டை மூழ்கியது உண்மை, கண்டம் மூழ்கவில்லை. லெமூரியா என்ற பெயரே, தேவாங்கின் உறவான லெமூர் எப்படிப் பரவிற்று என்று விளக்க 1864-ல் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேயர் வைத்தது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்தக் கற்பனைக்கு வேலை இல்லாமல் போயிற்று. தமிழின் பெருமைக்கு அது தேவையுமில்லை.

நமக்குத் தேவை இன்றைய கணக்கு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்கும் 2018-க்கும் இடையில் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. இரண்டு அரிசி மணியின் கனம்தான்! ஆள் உயர அலை அடிக்கிற இடத்தில் இந்த இரண்டு அரிசி மணியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே இடத்தில், நாள் தவறாமல், தலைமுறை தலைமுறையாக அளந்தால்தான் முடியும். பம்பாயில் வெள்ளைக்காரன் கப்பலுக்காக வைத்த கடல் மட்ட அளவுமானி 1878 முதல் கணக்கு வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பழைய கணக்குகளைக் கொண்டுதான் கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தார் 2007-ல், வட இந்து மகா சமுத்திரம் கடந்த நூற்றாண்டில் வருஷத்துக்குச் சுமார் 1.3 மில்லிமீட்டர் உயர்ந்ததாகக் கணித்தார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை லாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனி, நூறு வருஷம் அலையை எண்ணிக்கொண்டு உட்காருமா?

கரை அரிப்பு எல்லாமே கடல் உயர்வதால் வருவதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகச் சுவர் மணலின் ஓட்டத்தை மறிக்கிறது; ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டால் கரைக்கு மணல் ஏது? எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அளவு வேண்டும். அளவு இல்லாத இடத்தில் காண்டிராக்டர்தான் விஞ்ஞானி. இந்த வருஷம் கல் கொட்டுவார், அடுத்த மழைக்காலத்தில் கடல் தின்னும், மறு வருஷம் மறுபடியும் பில்!

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதம், இது 2020-21 கணக்கு. இந்த லட்சணத்தில் 2023-ல் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குச் சட்டம் செய்தார்கள். ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் சுமார் 36,000 கோடியைப் பட்ஜெட்டுக்கு வெளியே, கம்பெனிகளிடமும் தர்மப் பிரபுக்களிடமும் திரட்டுவார்களாம்! 2025-லோ தனியார் ஆராய்ச்சிக்கு மலிவுக் கடனாக ஒரு லட்சம் கோடிக்குத் திட்டம். கம்பெனிக்குக் கொடுக்கக் கஜானாவில் பணம் இருக்கிறது. பொது ஆராய்ச்சிக்குத்தான் உண்டியல்.

சர்க்கார் பணம் கொடுத்தால் மட்டும் போதும் என்பதும் நம் அபிப்பிராயம் அல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது வானிலை இலாகா இருந்தது, வானத்தில் செயற்கைக் கோள் இருந்தது. ஆழ்கடலில் நின்ற தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களுக்குத்தான் எச்சரிக்கை எட்டவில்லை. அதே புயல் மேலே மலையில் ரப்பர் மரங்களையும் சாய்த்தது. அறிவு ஆங்கிலத்தில் அச்சாகி அலமாரியில் தூங்கினால் கொல்லங்கோட்டுக்கும் குலசேகரத்துக்கும் என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். கடல் மட்டக் கணக்கும் கரைக்கோட்டின் கணக்கும் வருஷா வருஷம் தமிழில், நீரோடி முதல் கன்னியாகுமரி வரை ஒவ்வொரு கடலோரப் பஞ்சாயத்து ஆபீஸிலும் ஒட்டப்பட வேண்டும். கல் கொட்ட டெண்டர் விடுமுன் அந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். புரதம் குறைந்த பால் தயாரிக்கும் முறையை டயர்க் கம்பெனியின் ஏஜெண்டு அல்ல, ரப்பர் போர்டு ஊழியர் வந்து சிறு விவசாயிக்கும் பால் வெட்டும் தொழிலாளிக்கும் சொல்லித்தர வேண்டும். இதற்கான பணம் பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும்.